கலஹா வீதியில் நடந்தவர்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவல்ல. பேராசிரியர்களின் புலமை, தமிழ்த்துறையின் ஆய்வுகள், நாடக முயற்சிகள், கைலாசபதியும் சிவத்தம்பியும் மாணவராக இருந்த காலம் என்று பக்கங்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் விரிவுரை முடிந்த பின் அந்த மாணவர்கள் எங்கே போனார்கள், விடுமுறை நாளில் எந்த வழியால் நடந்தார்கள், யாரோடு நடந்தார்கள் என்பதெல்லாம் நினைவுக் குறிப்புகளில் ஓரிரு வரிகளாக வந்து மறைந்துவிடுகின்றன. பொழுதுபோக்குத்தானே, அதில் என்ன வரலாறு என்ற எண்ணம் போலும். பேராதனையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியல்ல. அங்கே நடப்பதும் ஊர் பார்ப்பதும் பல்கலைக்கழகத்தின் திட்டத்திலேயே இருந்தவை.

முதலில் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கு மாகாணத்தில் ஆனி, ஆடி என்றால் கச்சான் காற்று. மணல் பறக்கும், வாய் வறளும். அதே மாதங்களில் கண்டியில் தென்மேற்குப் பருவக்காற்றின் தூறல். ஹந்தானை மலை முகில் மூடிக் கிடக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவன் வெயிற்காலத்தில் பேராதனைக்குப் போய் இறங்கினால் அவனுக்குக் கிடைப்பது குடை பிடித்த கோடைதான். ஹந்தானை ஏறுவதற்கு வாய்ப்பான வரட்சி தை, மாசியில்தான் வரும். ஆடி அல்லது ஆவணியில் கண்டிப் பெரஹரா. ஆகவே கண்டி மாணவரின் உல்லாச நாட்களை மேல்நாட்டுப் புத்தகங்களில் வரும் கோடை விடுமுறை போலக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. இங்கே மழையைப் பார்த்துத்தான் எல்லாம்.

1921ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும் 1870இல் ஆரம்பமான மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1942 ஜூலை முதலாம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதற்கு முன்பே, நிரந்தரப் பல்கலைக்கழகம் எங்கே அமைய வேண்டும் என்பது பற்றி இருபதுகளிலும் முப்பதுகளிலும் பெரும் வாதம் நடந்திருந்தது. 'இடப்போர்' என்றே அதைச் சொல்வார்கள். கொழும்பே போதும் என்றது ஒரு தரப்பு. நகரத்துச் சந்தடிக்கு அப்பால், மாணவரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் தங்கி வாழும் பல்கலைக்கழகம் மலைநாட்டில் வேண்டும் என்றது மறுதரப்பு. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன இரண்டாவது தரப்பின் முன்னணியில் நின்றார். அவரோடு நின்றவர்களுள் மலே சமூகத்தைச் சேர்ந்த நீதியரசர் மாஸ் தாஜூன் அக்பரும் ஒருவர். இன்று பேராதனையில் அக்பர் பெயரால் ஒரு விடுதி இருக்கிறது, மகாவலியின் மேல் ஒரு நடைபாலமும் இருக்கிறது. அந்தப் பாலத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளிடம் "யார் இந்த அக்பர்?" என்று கேட்டால் முகலாயச் சக்கரவர்த்தியைச் சொல்கிறவர்களும் உண்டு.

முதலாவது உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். விடுதி வாழ்க்கை, ஆற்றங்கரை, மாலை நடை, விளையாட்டு, விவாதம் எல்லாம் சேர்ந்ததே கல்வி என்பது அவருடைய எண்ணம். அவரே நடப்பதிலும் வழிகளை அறிவதிலும் ஆர்வமுள்ளவர். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியைப் பற்றியே ஒரு நூல் எழுதி வைத்தார். அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின், 1993இல்தான் அது அச்சேறியது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வரைந்த திட்டத்தை வைத்துக் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் விடுதிகளையும் மண்டபங்களையும் எழுப்பினார். தேயிலைத் தோட்டமாக இருந்த நிலம் பூங்காவாயிற்று. ஏறத்தாழ 700 ஹெக்டயர் பரப்பு. நடுவே மகாவலி ஓடுகிறது, பின்னால் ஹந்தானை நிற்கிறது, ஊடறுத்துக் கலஹா வீதி செல்கிறது. 1952 ஒக்டோபரில் மாணவர்கள் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்தார்கள். 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் சம்பிரதாயபூர்வமாகத் திறந்து வைத்தார். ஏற்கெனவே திறந்து இயங்கிக்கொண்டிருந்த இடத்தை வழமையிலும் கூடுதலாகத் திறந்து வைப்பதாக அவர் வேடிக்கையாகச் சொன்னது பேராதனை மரபுக் கதைகளில் ஒன்றாகிவிட்டது.

இனி அந்த மாணவர்களின் வழிகளைப் பார்ப்போம்.

கைக்கெட்டும் தூரத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்கா. 147 ஏக்கர். மகாவலி வளைந்து மூன்று பக்கமும் அணைத்துக்கொண்ட நிலம். 1821இல் அலெக்சாண்டர் மூன் இதனைத் தாவரவியல் பூங்காவாக அமைத்தார். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இதற்குள்ளேதான் இயங்கியது. நாங்கள் பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு மணித்தியாலத்தில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வரும் பூங்காவை, அங்கே படிக்கும் பிள்ளைகள் நாலு வருடம் ஆறுதலாகப் பார்க்கிறார்கள். தாவரவியல் மாணவருக்கு அது ஆய்வுகூடம். மற்றவர்களுக்கு ஓடற்பனை நிழலும் வௌவால் தொங்கும் மரங்களும். காதலர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது 'டவுன்'. ஆறு கிலோமீற்றர் அளவில் கண்டி நகரம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் தொடங்கி 1812இல் முடித்த வாவி, அதைச் சுற்றி ஒரு நடை, மேலே உடவத்தகலைக் காடு, ஒரு படம், ஒரு தேநீர், கடைசி பஸ். ஐம்பதுகளின் மாணவரும் இன்றைய மாணவரும் இந்த ஒழுங்கில் பெரிதாக வேறுபடவில்லை. மீரா மக்காம் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வாவிக்கரைக்குப் போகும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதே நகரத்தின் காசல் ஹில் வீதியில், பள்ளிவாசலுக்கு முன்னால், 1915 மே மாத இறுதியில் வெசாக் பக்திக்கீத ஊர்வலம் பற்றிக் கிளம்பிய தகராறிலிருந்துதான் நாடு முழுவதும் பரவிய சிங்கள - முஸ்லிம் கலவரம் தொடங்கியது. 2018 மார்ச்சில் திகனைப் பக்கம் எரிந்தபோது கண்டி மாவட்டம் மீண்டும் ஊரடங்கின் கீழ் வந்தது. வாவியைச் சுற்றி நடக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இவ்விரண்டு ஆண்டுகளும் தெரிந்திருப்பது நல்லது. பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. தாங்கள் நடக்கும் தெருவை அறிவதற்காக.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. பேராதனையிலிருந்து தவுலகலைப் பக்கமாக, வயலும் கிராமமும் வழியாகப் போனால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க என்ற மூன்று கோயில்கள். மூன்றும் கம்பளை இராச்சிய காலத்தவை. காலையில் புறப்பட்டு வரப்பால் நடந்து மாலையில் திரும்பிவிடலாம். எம்பக்கவில் மரத்தூண்களில் செதுக்கிய சிற்பங்களைப் பார்த்துப் பிரமிக்காதவர் இல்லை. ஆனால் தமிழ் படித்தவன் நின்று பார்க்க வேண்டிய இடம் லங்காதிலக. நாலாம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல், அங்கே பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. மலைநாட்டின் நடுவில், பௌத்த விகாரை ஒன்றின் மானியத்தைத் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. பெயரே தென்னிந்தியத் தொடர்பைச் சொல்லும். இன்னொரு பொருத்தமும் உண்டு. இதே 1344இல்தான் மொறோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவா ஆதம் மலைக்குப் போனார். வழியில் அவர் 'குனகார்' என்று குறிப்பிடும் தலைநகர் எது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமைப்பாடில்லை. குருநாகல் என்பர் சிலர், கம்பளை என்பர் வேறு சிலர். எப்படியாயினும் இந்த மலைகளுக்குள் தமிழும் அறபும் சிங்களமும் ஒரே காலத்தில் நடந்து திரிந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து சில மைல் தூரத்தில் கிடக்கும் இந்தச் சாசனத்தைப் பரணவிதான 1960இல் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையிலேயே விரிவாக வெளியிட்டார். அதைப் படித்துவிட்டுப் பாறையைப் பார்க்கப் போனவர் எத்தனை பேர், சிற்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் எத்தனை பேர் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு.

யாரோடு நடந்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். தொடக்க காலத்தில் போதனை ஆங்கிலத்தில் நடந்தது. விடுதி அறையில் யாழ்ப்பாணத்தவனும் மாத்தறையவனும் சேர்ந்திருந்தான். இருவரும் ஒரு மொழியில் பேசி, ஒரே பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள். ஆங்கிலம் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த சௌகரியம் அது, எல்லோருக்கும் கிடைத்ததல்ல. ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுபவர்களோடு நான் முற்றாக உடன்படுவதில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த என் போன்றோரின் மூத்த தலைமுறைக்கு அந்த வாசலே கிடையாது. 1960இல் கலைப்பீடத்துக்குச் சுயமொழிப் போதனை வந்த பிறகுதான் எங்கள் ஊர்களிலிருந்து பிள்ளைகள் தொகையாகப் போகத் தொடங்கினார்கள். பேராதனையின் மரநிழலும் ஆற்றுக் காற்றும் ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்தது அதன் பிறகே.

ஆனால் விலை இல்லாமலில்லை. விரிவுரை மண்டபம் இரண்டானபோது நடைக்கூட்டமும் இரண்டாயிற்று. சிங்களம் படித்தவர் ஒரு புறம், தமிழ் படித்தவர் ஒரு புறம். 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' வந்தது, மலைச்சரிவின் திறந்தவெளி அரங்கு சிங்கள நாடகத்தின் தலைவாசலாயிற்று. 1962இல் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை 'கர்ணன் போர்' ஆக்கி அதே வளாகத்தில் ஆட வைத்தார். கிழக்கின் வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய ஆட்டத்தைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கால் பழகி ஆடினார்கள். விடுமுறையில் ஊருக்குப் போன மாணவன் அண்ணாவியாரிடம் கேட்டுவந்த தாளத்துக்கு அங்கே மதிப்புக் கிடைத்தது. கூத்தும் நாடகமும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன என்பது உண்மை. மாலையில் நடக்கப் போனவர்கள் மட்டும் மெல்ல மெல்ல மொழிவாரியாகப் பிரிந்தார்கள்.

இந்தப் பிரிவில் முஸ்லிம் மாணவரின் இடம் விசித்திரமானது. கிழக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும் போனவர் தமிழ்மொழி மூலம். தென்மாகாணத்திலிருந்தும் கண்டியின் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்தவர்களுள் சிங்களமொழி மூலம் படித்தவரும் இருந்தனர். வீட்டிலே பேசுவது தமிழ், விரிவுரைக் குறிப்பு எழுதுவது இரண்டு மொழியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்குறணைக்கோ கல்ஹின்னைக்கோ சாப்பாட்டுக்குப் போகும் நாலு நண்பர்களுக்குள் இரண்டு கூடாரத்துக்கும் ஆள் இருக்கும். இந்த வசதியை நாம் இலக்கியத்தில் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது வேறு கேள்வி. சிங்களத்திலிருந்து தமிழுக்கு நல்ல மொழிபெயர்ப்புகள் பல முஸ்லிம் எழுத்தாளர்களின் கையால் வந்திருப்பதற்கு இப்படிப்பட்ட நட்புகளும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஹந்தானை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பேராதனை மாணவன் ஒருவன் ஹந்தானை ஏறாமல் பட்டம் பெற்றால் நண்பர்கள் அவனை விடமாட்டார்கள். ஏறத்தாழ 3,800 அடி உயரம். சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பாதி வழியில் முகில் இறங்கினால் பாதை மறையும், அட்டை கடிக்கும். 1969இல் வந்த 'ஹந்தானே கதாவ' திரைப்படம் இந்த மலையையும் இந்த மாணவர்களையும் நாடறியச் செய்தது. விஜய குமாரணதுங்க நடித்த முதற்படம் அதுதான். 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

படத்திலும் பாட்டிலும் வரும் ஹந்தானையில் முகில் இருக்கிறது, காதல் இருக்கிறது. ஏறும் வழியில் தேயிலையும் இருக்கிறது, தேயிலைக்குள் லயன்களும் இருக்கின்றன. அங்கே காதில் விழுவது தமிழ். பல்கலைக்கழகம் தொடங்கி ஆறாண்டில், 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. கீழே உலகத்தரமான விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மேலே ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் தோட்டப் பாடசாலைகள். லயன்களைக் கடந்து சிகரத்துக்குப் போன தமிழ் மாணவர்கள் அங்கே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் கொடுத்த வீட்டுப் பிள்ளை கீழே வந்து படிக்க எத்தனை காலமாயிற்று என்பதையும் பேராதனை வரலாற்றில் ஒரு அத்தியாயமாக எழுதத்தான் வேண்டும்.

எண்பதுகள் வந்தன. 1983 மே மாதத்தில் வளாகத்துக்குள்ளேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூலையில் நடந்தது எல்லோரும் அறிந்தது. அதன் பிறகு தமிழ் மாணவன் மாலையில் தனியே டவுனுக்குப் போவது துணிச்சலான காரியமாயிற்று. 1987க்கும் 1990க்கும் இடையில் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. விடுமுறை என்ற சொல்லே கசந்துபோன காலம். கலஹா வீதியின் சுற்றுவட்டத்தில், கட்டடக் கலைஞரின் பெயரால் அமைந்த அல்விஸ் தடாகம் என்று ஒரு சிறு குளம் உண்டு. மாணவர்கள் மாலையில் கூடிக் கதைத்த இடம். 1989இல் ஒரு நாள் விடிந்தபோது அந்தக் குளத்தைச் சுற்றி இளைஞர்களின் வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. கொல்லப்பட்டவர்கள் சிங்களப் பிள்ளைகள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். அந்தத் தடாகத்தைச் சுற்றி இன்றும் மாணவர்கள் நடக்கிறார்கள்.

கிழக்கிலே நிலைமை வேறு விதமாக மோசமானது. 1990இன் கொலைகளின் பின் முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிப்பது இயலாததாயிற்று. அந்த நெருக்கடியின் பிள்ளையாகத்தான் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவில் கடற்கரையும் வயலும் அழகானவைதான். ஆனால் ஒரு சமூகத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தம்மவரோடு மட்டும் மாலை நடை போகும் நிலை சில காலம் நிலவியது. பின்னர் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அங்கே தொகையாக வந்து சேர்ந்தது எனக்கு மனநிறைவைத் தந்தது.

நான் ஆசிரிய கலாசாலையில் பயின்றவன். பல்கலைக்கழக வாசலை மாணவனாக மிதிக்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஆனால் என்னிடம் படித்த பிள்ளைகள் போயிருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் பேராதனைக்குத் தெரிவான ஒரு பெண்பிள்ளையின் வாப்பா என்னைத் தேடி வந்தார். பிள்ளை ஹந்தானைக்குப் போவதற்கு அனுமதி கேட்டுத் தொலைபேசி எடுத்ததாம். "படிக்கப் போன புள்ளைக்கு மலை ஏறுற வேலை என்னத்துக்கு சேர்?" என்றார். அவர் கேட்டது கோபத்திலல்ல, பயத்தில். பகிடிவதை பற்றிய செய்திகள் அவர் காதுக்கு எட்டியிருந்தன. 1998இல் அதற்கெதிராகச் சட்டமே இயற்றப்பட்ட பிறகும் அது ஒழியவில்லை என்பது உண்மைதான். ஆகவே அவர் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. கூட்டமாகப் போகட்டும், பகலில் போகட்டும், போகாமல் மட்டும் இருக்க வேண்டாம் என்றேன். அவர் போக விட்டார். மகள் அனுப்பிய படத்தை அவரே கொண்டுவந்து காட்டினார். படத்தில் முகில்தான் கூட. நம் பெண்பிள்ளைகள் இன்று விடுதிகளில் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதும் கவிதைகளில் மலையும் ஆறும் வருகின்றன. விடுதி, விரிவுரை, விடுதி என்று நாலு வருடத்தைக் கழித்த பிள்ளையால் அது முடியாது.

அந்த ஆற்றைப் பற்றியும் ஒன்று. அக்பர் பாலத்தின் கீழே ஓடும் மகாவலி பூங்காவைச் சுற்றிக்கொண்டு கண்டியைத் தாண்டி, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மூதூர்ப் பிள்ளை ஒருவன் பாலத்தில் நின்றால் தன் ஊருக்குப் போகும் தண்ணீரைத்தான் பார்க்கிறான்.

கடைசியாகக் கலஹா வீதி. பல்கலைக்கழகத்தின் நடுவால் போகும் இந்த வீதியில் மாணவர்கள் நடப்பது கொஞ்சத் தூரம்தான். செனற் கட்டடம், நூலகம், விடுதிகள், அதோடு திரும்பிவிடுவார்கள். வீதி திரும்புவதில்லை. அது மலையேறிக் கலஹாவுக்குப் போய் அங்கிருந்து தெல்தோட்டைக்குப் போகிறது. தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடிப் போகிறார்கள். அதற்கு ஓராண்டு முன்னால், 1866இல், அதே தெல்தோட்டையின் போப்பிட்டியில் பிறந்தவர் மெய்ஞ்ஞான அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். கோப்பித் தோட்டங்களின் காலத்தில் மலைநாட்டில் வளர்ந்து, தமிழ் யாப்பில் கைதேர்ந்து, கண்டி நகரைப் பொருளாக வைத்துக் 'கண்டிக் கலம்பகம்' பாடியவர் அவர். 1918இல் மறைந்தார். வாவியையும் மலையையும் பற்றிப் பேராதனைத் தமிழ் மாணவர்கள் கவிதை எழுதத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அந்த நகரத்துக்குத் தமிழில் ஒரு பிரபந்தம் இருந்தது. எழுதியவர் ஒரு முஸ்லிம். அவருடைய ஊர் பல்கலைக்கழகத்தை ஊடறுக்கும் அதே வீதியின் மறுகோடியில் இருக்கிறது.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1951இல் முஸ்லிம்களின் தமிழ்ப்பணியை ஆராய்ந்து முதுகுமாணிப் பட்டம் பெற்ற மர்ஹூம் உவைஸ் அவர்கள் நமது புலவர் பரம்பரையை ஆய்வுலகின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். நூலகத்தில் அந்த ஆய்வு கிடைக்கும். கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸும் வளாகத்துக்குள்ளால்தான் போகிறது. மாணவர்கள் டவுனுக்குப் போக எதிர்ப்பக்கத்துத் தரிப்பிடத்தில் நிற்கிறார்கள். வீதியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம்.